வெளிப்பூச்சுக்கு மட்டும்

ரேஷன் குமாஸ்தா மோர் குடிக்காமல் போயிருந்தால் இந்தச் சங்கதி எதுவும் நடந்திருக்காது. குடித்தார். குடித்த தெம்பில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

எழுபத்தாறாம் வருஷம், ஆடி மாதம். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, கேரளம் முடிவதற்கு இரண்டு மைல் முன்னால் சென்னிமலையின் தோட்டம். நெல்லியாம்பதி மலையில் மழை இறங்கி, அருவிகள் வெள்ளைக் கோடு கோடாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சென்னிமலை வயலிலிருந்து நனைந்து வந்து, வாசலில் நின்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். தலை என்று மரியாதைக்குச் சொல்வது. பாத்திரம் துடைப்பது போலத்தான் இருக்கும். இரண்டு காதுக்கு மேலும் ஒரு விரற்கடை முடி. மற்றதெல்லாம் பளபளப்பு.

குமாஸ்தா தெற்கே இருந்து மாற்றலாகி வந்த மலையாளி. ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார்.

"வீட்டில் எத்ர பேரு?" என்று சென்னிமலையின் மனைவி கமலாத்தாளைக் கேட்டார்.

"நாலு பேருங்க. பொண்ணுக ரெண்டும் பொள்ளாச்சில எங்கண்ணன் ஊட்டுல தங்கிப் படிக்குதுக."

குமாஸ்தா சென்னிமலையை ஒரு பார்வை பார்த்தார். குரலைப் பணிவாகத் தாழ்த்திக்கொண்டார். "அச்சனு எத்ர வயசாயி?"

அச்சன் என்றால் அப்பா. எல்லையோரத்தில் பிறந்த பிள்ளைக்குப் பல் முளைப்பதற்கு முன்பே இது தெரியும். கமலாத்தாளுக்கும் தெரியும். திருத்தியிருக்க வேண்டியவள் திருத்தவில்லை.

"நாப்பத்திமூணுங்க."

"நிங்ஙள்க்கோ?"

"முப்பத்தஞ்சுங்க."

குமாஸ்தா இரண்டையும் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். பேனாவை மூடிக் கீழே வைத்தார். எட்டு வயதில் பெண்குழந்தைக்குத் தகப்பனான ஒரு மனிதரை அவர் தம் சர்வீசில் இதுவரை சந்தித்ததில்லை.

கமலாத்தாள் சிரித்தாள். மூன்று நாள் சிரித்தாள். உலையில் அரிசி போடும்போது சிரித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சிரித்தாள். நான்காம் நாள் ஒருவாறு ஓய்ந்து, "ஏனுங்க, சோறு உண்ண வாங்க," என்று கூப்பிட்டவள், கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

சென்னிமலை அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தார். முடி வளர்ப்பது. எப்பாடு பட்டாவது.

அவருக்கும் ஒரு காலம் இருந்தது. இருபத்தைந்து வயதில் அவர் தலைக்கு எண்ணெய் தேய்க்க ஒரு ஆள் போதாது என்பார்கள். சைக்கிளில் கொல்லங்கோட்டுச் சந்தைக்குப் போனால் முடி பின்னால் பறக்கும். சைக்கிள் முன்னால் போகும். வாரம் ஒரு சீப்புக்குப் பல் உதிரும். பிறகு சீப்பு நிலைத்தது. முடிதான் உதிர்ந்தது. முதல் பெண் பிறந்தபோது நெற்றி கொஞ்சம் ஏறியது. இரண்டாவது பெண் பள்ளிக்கூடம் போனபோது நெற்றி உச்சிக்குப் போய்விட்டது. அவள் பெருக்கல் வாய்ப்பாடு படித்து முடிப்பதற்குள் நெற்றி பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

வழுக்கைத் தலைக்காரனுக்கு எழுபதுகளைப் போல ஒரு கொடுமையான காலம் இருந்ததில்லை. அப்போது ஊரெல்லாம் முடி. பஸ் கண்டக்டருக்குக் காதை மூடிய முடி. தபால்காரருக்குத் தோளில் முடி. கன்னத்தில் பாதி கிருதா, பாதிதான் கன்னம். பக்கத்துத் தோட்டத்து ஈஸ்வரமூர்த்திக்கு ஐம்பது வயது; அவருக்குக்கூட சுருள் சுருளாக அத்தனை முடி. எதற்கென்று கேட்க ஆளில்லை. "இளநில வழுக்கை இருந்தா மட்டும் எல்லாரும் சந்தோசப்படறாங்க. தலைல இருந்தா ஏனுங்க சிரிக்கறாங்க?" என்று சென்னிமலை அவரிடம் ஒருதரம் மனம்விட்டுக் கேட்டார். ஈஸ்வரமூர்த்தி யோசித்துப் பார்த்துவிட்டு, "அதைச் சொரண்டித் திங்கலாமுங்க," என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டர் இருக்கிறார், சீமையில் படித்தவர், முடிக்குப் புது மருந்து தருகிறார் என்று பொள்ளாச்சிச் சந்தையில் தேங்காய் வியாபாரி ஒருவர் சொன்னார். சென்னிமலை, "தென்னைக்கு உரம் பாத்துட்டு வாரேன்," என்று கமலாத்தாளிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

டாக்டர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அவர் தலை முழுவதும் சுற்றி வந்தார். நிலம் வாங்கப் போகிறவர் எல்லை பார்ப்பது போல இருந்தது.

"நம்ம உடம்புல ஆண் சுரப்புன்னு ஒண்ணு ஊறுது," என்று ஆரம்பித்தார். "மீசை, தாடி எல்லாம் அதால வர்றதுதான். ஆனா சிலருக்கு அதே சுரப்பு உச்சந்தலை மயிர்க்காலைச் சுருக்கிடும். அதைத் தலையில மட்டும் மடக்க முடியுமான்னு வெளிநாட்டுல பாத்துட்டு இருக்காங்க. பெண் சுரப்புல ஒண்ணை ஸ்பிரிட்டுல கரைச்சு மேல பூசறது. சிலருக்குக் கேட்டிருக்கு. பலருக்குக் கேக்கலை."

சென்னிமலையின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. "அப்ப எனக்கு ஆம்பளைத்தனம் ஜாஸ்தியாப் போனதுதானுங்களா காரணம்?"

"அப்படியில்லை. உங்க மயிர்க்காலுக்கு அதைத் தாங்கற சக்தி—"

"புரியுதுங்க, புரியுதுங்க." ஈஸ்வரமூர்த்தியின் சுருள்முடியை நினைத்துக்கொண்டார். பாவம், ஈஸ்வரமூர்த்தி. பிறகுதான் இரண்டாவது பாதி காதில் இறங்கியது. நாடெங்கும் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. சென்னிமலை நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். "டாக்டருங்க... மடக்கறதுன்னா... இது அந்தக் கேம்ப்பு சமாச்சாரம் இல்லீங்களே?"

"இல்லைங்க. தலைக்கு மட்டும்."

"மீசைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"மீசையில படாமப் பாத்துக்குங்க. பூசினதும் கையைக் கழுவிடுங்க. ஆறு மாசம் பாக்கலாம்."

"ஆறு மாசத்துல முடி முளைக்க முடியுங்களா?"

"முடியும்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா முடியவே முடியாதுன்னும் முடிவாச் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தில் இருந்த அத்தனை முடியும் தம் தலையில் வந்து இறங்கியது போலச் சென்னிமலைக்கு இருந்தது.

மருந்துக் கடையில் கலந்து கொடுத்தார்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். இங்கிலீஷில் டைப் அடித்து ஒட்டிய சீட்டு. பஞ்சில் நனைத்துக் காலையும் மாலையும் பூச வேண்டும். சென்னிமலை அதைத் துண்டில் சுற்றி, துண்டைப் பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். வந்ததும் மாட்டுக் கொட்டகைக்குப் போய், பரணில் பழைய கலப்பைக்குப் பின்னால் மறைத்தார்.

"அதென்னுங்க பாட்டிலு?" என்றாள் கமலாத்தாள். அவளுக்கு முதுகிலும் கண் உண்டு.

"மாட்டுக்கு. உண்ணி மருந்து."

"நம்ம மாட்டுல உண்ணியே இல்லீங்களே."

"வரும் புள்ள. வந்துட்டா அப்புறம் சிரமம்."

அன்று தொடங்கிச் சென்னிமலைக்குத் திடீரென்று மாட்டின் மேல் பாசம் பெருகிவிட்டது. காலையில் பல் துலக்குவதற்கு முன் கொட்டகை. சாயந்திரம் காபிக்கு முன் கொட்டகை. உள்ளே போனால் கால் மணி நேரம் வரமாட்டார். பஞ்சை நனைத்து உச்சியில் ஒற்றும்போது ஜில்லென்று ஏறும். மாடு கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். "ஆருகிட்டயும் சொல்லாதே," என்பார். மாடு நல்ல மாடு. சொல்லவில்லை.

ஆனால் வாசனை சொல்லிவிட்டது. மருந்து ஸ்பிரிட்டில் கரைத்தது. பூசிவிட்டு வெளியே வந்தால் சென்னிமலையைச் சுற்றி நாலு அடிக்குச் சாராயக் கடை மணக்கும்.

முதலில் மோப்பம் பிடித்தவர் ஈஸ்வரமூர்த்தி. அவர் அந்த விஷயத்தில் கைதேர்ந்தவர். கள்ளுக்கடை வாசலில் கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் எந்தப் பனை என்று சொல்லுவார். வேலியோரம் நின்று மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்துவிட்டது.

"சென்னிமலை! நீங்களுமா! இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லலீங்களே!"

"அட, அதெல்லாம் இல்லீங்க."

"எங்கிட்ட மறைக்காதீங்க. நல்ல சரக்கு. சீமைச் சரக்கு. இந்தக் கள்ளு, பட்டைச் சாராயம் எதுலயும் இந்த வாசம் வராது. கொட்டாய்லதான வெச்சிருக்கீங்க? ஒரு மடக்கு ஊத்துங்க, போதும்."

சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிக் கொட்டகைப் பக்கம் நடந்தே விட்டார். சென்னிமலை ஓடிப் போய்க் குறுக்கே நின்றார்.

"வேண்டாமுங்க! அதைக் குடிச்சா பொம்பளையாப் போயிருவீங்க!"

ஈஸ்வரமூர்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை கஞ்சத்தனமான குடிகாரனை அவர் கண்டதில்லை. திரும்பிப் போனார். போனவர் சும்மா போகவில்லை. சனிக்கிழமைக்குள் சென்னிமலை கொட்டகையில் ஒளிந்து குடிக்கிறார் என்பது கொல்லங்கோட்டுக் கடைத்தெரு வரைக்கும் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சென்னிமலை கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது, கமலாத்தாள் வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"நெசமாச் சொல்லுங்க. குடிக்கறீங்களா?"

சென்னிமலைக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இல்லை புள்ள, முடி வளர மருந்து பூசுகிறேன் என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவள் மூன்று நாள் அல்ல, மூன்று வருஷம் சிரிப்பாள். பொள்ளாச்சிக்குக் கடிதம் போட்டு அண்ணனையும் சிரிக்க வைப்பாள். பெண்களுக்கு எழுதுவாள். இன்னொரு வழி, குடிகாரன் என்று ஒப்புக்கொள்வது.

சென்னிமலை மானஸ்தர். குடிகாரன் என்று ஒப்புக்கொண்டார்.

"ஆமா புள்ள. குடிக்கறேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு... இருவது நாளா."

"மனசுல என்ன கொறைங்க உங்களுக்கு?"

தலையில் என்று வாய் வரை வந்தது. விழுங்கினார். "அது வந்து... சும்மாதான்."

கமலாத்தாள் மூக்கைச் சிந்தினாள். "நாளைக்கே அந்தப் பாட்டில ஒடச்சுப்போடறேன்."

சென்னிமலை ஒரு எட்டு முன்னால் வந்தார். "அய்யோ, அப்படிப் பண்ணிப்போடாதே! திடுதிப்புனு விட்டா நரம்பு இழுத்துக்குமாம். கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடோணுமாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க. அப்ப பாட்டிலு எங்கிட்ட இருக்கட்டும். காலைல ஒரு மூடி, சாயந்திரம் ஒரு மூடி. நானே அளந்து தாரேன். அதுக்கு மேல கேக்கப்படாது."

சென்னிமலைக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. டாக்டர் சொன்ன அதே கணக்கு! மூடி மூடியாக முடி! இப்படியும் ஒரு பத்தினியா என்று நெகிழ்ந்து போனார்.

"ஆனா குடிச்ச பாவத்துக்கு ஒரு பரிகாரம் இருக்குதுங்க," என்றாள் கமலாத்தாள். "கல்யாணமான புதுசுல மூணாறு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. பதினாறு வருசமாச்சு."

"போலாம் புள்ள. கண்டிப்பாப் போலாம்."

மறுநாளிலிருந்து முறை வந்துவிட்டது. காலையில் அவள் பித்தளைத் தம்ளரில் ஒரு மூடி ஊற்றி நீட்டுவாள். அவர் வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு நடப்பார்.

"இங்கயே குடியுங்களே. எதுக்கு அவ்வளவு தூரம்?"

"சே சே. பொண்டாட்டி எதுருல குடிக்கறதா? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

பாட்டில் தீர்ந்தால், "போய் வாங்கிட்டு வாங்க. நரம்பு இழுத்துக்கப் போகுது," என்று அவளே பஸ்ஸுக்கு அனுப்பி வைத்தாள். இரவு படுக்கும்போது சென்னிமலை மோட்டுவளையைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவளாம். என்ன படித்து என்ன?

மார்கழியில் மூணாறு போனார்கள். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, மறையூர் வழியாக ஏறினால் மலை முழுக்கத் தேயிலை; பச்சைப் பாயை விரித்து ஓரத்தை வெட்டிவிட்டது போல. அந்தக் காலத்தில் மூணாறில் கூட்டம் கிடையாது. கடைத்தெருவில் கம்பளி போர்த்திய தோட்டத்து ஜனங்கள் திருநெல்வேலித் தமிழ் பேசிக்கொண்டு டீ குடித்தார்கள். விடிந்ததும் லாட்ஜ் அறையில் கமலாத்தாள் தம்ளரை நீட்டினாள். "குளுருக்கு இன்னொரு மூடி வேணுங்களா?"

"வேண்டாம் புள்ள. அளவு அளவுதான்."

லாட்ஜுக்குப் பின்னால் போய், அந்தக் குளிரில், வெறுந்தலையில் ஸ்பிரிட்டை ஒற்றினார். உச்சியில் ஐஸ் கட்டியை வைத்து ஆணி அடித்தது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. திரும்பி வந்தவரைப் பார்த்து, "ரொம்பக் காரமா இருந்துச்சுங்களா?" என்று பரிவாகக் கேட்டாள் கமலாத்தாள்.

மாட்டுப்பட்டி அணைக்குப் போனபோது பனி விலகியிருக்கவில்லை. தண்ணீர் இருக்கிற இடம் தெரியவில்லை. ஈரக் காற்று மட்டும் வந்தது. எங்கோ பண்ணை மாட்டின் மணிச் சத்தம். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். சென்னிமலை மப்ளரைக் காதுவரை இழுத்து விட்டிருந்தார்.

"என்னைப் பொண்ணுப் பாக்க வந்தீங்களே, ஞாபகமிருக்குதுங்களா?" என்றாள் அவள்.

"இல்லாம என்ன. அன்னைக்கு என்ற தலைமுடிக்கே ரெண்டு மணி நேரம் ஆச்சு. முன்னால சுருட்டி, மேல தூக்கி..." சொல்லும்போதே அவர் கை மப்ளருக்குப் போனது.

"அதை நான் பாக்கவே இல்லீங்களே."

"பாக்கலையா?"

"தலை நிமுந்தாத்தான? எங்கம்மா பக்கத்துல நின்னு கிள்ளிட்டே இருந்தாங்க. நான் பாத்ததெல்லாம் உங்க காலுங்க. புதுச் செருப்பு கடிச்சு, ரெண்டு சுண்டுவெரலும் செவந்து கெடந்துச்சு. வலிய வெளிய காட்டிக்காம அவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க. பாவம், இந்த மனுசனக் கட்டிக்கலாம்னு தோணுச்சு."

"அப்ப முடி?"

"கல்யாணத்தன்னைக்குத்தான் பாத்தனுங்க. குருவி கூடு கட்டுன மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாளு சகிச்சுக்கிட்டா சரியாப் போயிரும்னு நெனச்சேன். சரியாப் போச்சு."

பத்து வருஷமாக எந்த முடிக்காகத் துக்கம் காத்தாரோ, அதை அவள் ஒரு நாளும் கணக்கில் சேர்த்ததே இல்லை. அவளைப் பார்த்தார். பனியில் புருவமெல்லாம் ஈரமாக, மூக்கு சிவந்து நின்றாள். பொண்ணுப் பார்க்கப் போன அன்றைக்கு இவளைத் தாமும் சரியாகப் பார்க்கவில்லை என்று அப்போது தோன்றியது. தம் முடி கலையாமல் இருக்கிறதா என்று சுவர்க்கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தார்.

"ஏனுங்க," என்றாள் கமலாத்தாள் மெதுவாக. "எங்கிட்டச் சொல்லாம எதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

சொல்லிவிடலாம் போல இருந்தது. வாயைத் திறந்தார். குமாஸ்தாவும் மூன்று நாள் சிரிப்பும் கண்முன் வந்து நின்றன.

"ஒண்ணுமில்ல புள்ள," என்றார்.

"சரிங்க," என்றாள் அவள்.

தை பிறந்ததும் அந்த அற்புதம் நிகழ்ந்தது. காலையில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உச்சியில் பூனைமுடி. வெள்ளையாக, மெல்லிசாக, நாலைந்து இழை. சந்தேகமே இல்லை. அன்றைக்குப் பூராவும் சென்னிமலை தரையில் நடக்கவில்லை. வேலியோரம் ஈஸ்வரமூர்த்தியைக் கண்டதும் வலியப் போய், "எந்த எண்ணெய்ங்க தேய்க்கறீங்க? எனக்கும் சீக்கிரம் தேவைப்படும்," என்றார்.

மாசியில் ஆறு மாதம் முடிந்தது. டாக்டரிடம் தலையைக் காட்ட வேண்டும். உரம் பார்க்கக் கோயம்புத்தூர் போகிறேன் என்றதும், "நானும் வாரனுங்க. மூத்தவளுக்குப் பாவாடைத் துணி எடுக்கோணும்," என்றாள் கமலாத்தாள். அதற்கென்ன? ஜவுளிக் கடைக்குள் போன பெண்பிள்ளை மூன்று மணி நேரத்துக்குள் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. பெரிய கடைவீதியில் ஒரு கடையில் அவளை உட்கார்த்திவிட்டு, சந்தேகம் வராமலிருக்க எதிர்த் திசையில் நடந்து, ஓட்டலில் ஒரு காபி குடித்து, நாலு தெரு சுற்றிக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்கு வந்தார்.

"உள்ள ஒரு அம்மா இருக்காங்க. பரவாயில்லை, டாக்டர் உங்களையும் வரச் சொல்றார்," என்றாள் நர்ஸ்.

உள்ளே போனார். நோயாளி நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பூதக்கண்ணாடியோடு அவள் வகிட்டுக்கு மேல் குனிந்திருந்தார்.

"வாங்க, வாங்க. இவங்களும் கொல்லங்கோட்டுப் பக்கந்தான்," என்றார் டாக்டர் உற்சாகமாக. "ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் வகிட்டுல முடி ரொம்பக் கொட்டிப் போச்சாம். இதே மருந்தை ஆறு மாசமா ஒழுங்காப் பூசியிருக்காங்க. எங்கிட்டக் கேக்காமப் பூசினது தப்புத்தான். ஆனா பாருங்க, எப்படி அடர்ந்திருக்குன்னு!"

அந்தப் பெண்பிள்ளை தலையை நிமிர்த்தினாள்.

"உக்காருங்க," என்றாள் கமலாத்தாள். "நடந்தே வந்தீங்களா? வேத்துப் போயிருக்குது."

சென்னிமலைக்கு உட்காரவும் தோன்றவில்லை. நிற்கவும் தோன்றவில்லை.

"நீ... உனக்கு... எப்போ?"

"ரெண்டாம் நாளேங்க. மாட்டு மருந்துன்னீங்க. சீட்டுல இங்கிலீசுல 'வெளிப்பூச்சுக்கு மட்டும்'னு போட்டிருந்துச்சு, கீழ உங்க பேரு, இந்த டாக்டரு விலாசம். மாட்டுக்கு உங்க பேரு வெக்கலியேன்னு நம்மூரு நர்சு ஜானகியம்மாகிட்டக் கொண்டு போய்க் காட்டுனேன். இது பொம்பளைங்க மருந்தாச்சே, கர்ப்பம் தங்கறதுக்கு இதத்தான ஊசியாப் போடறோம்னாங்க. பொம்பளைங்க மருந்த ஆம்பளை தலைல ஊத்தி வீணாக்கறதான்னு..."

"அப்ப நான் பூசுனது?"

"கற்பூரத் தண்ணிங்க. வாசத்துக்கு ஜானகியம்மாகிட்ட ஸ்பிரிட்டு வாங்கிக் கலந்தேன். உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? மீசை வேற இருக்குது."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்கு மெல்லப் பிடிபட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜை டிராயரில் எதையோ தேடினார். அதில் ஒன்றும் இல்லை.

"அழுதியே புள்ள! குடிக்கறீங்களான்னு கேட்டு அழுதியே!"

"சிரிப்ப அடக்கறதுக்கு முந்தானைய வாய்ல வெச்சனுங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. நெசத்தச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க பாட்டுக்குக் குடிகாரன்னு ஒத்துக்கிட்டீங்க. நான் என்ன பண்ணட்டும்? மாட்டுப்பட்டிலயும் ஒருக்காக் கேட்டேன்."

சென்னிமலையின் கையில் ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. துண்டை உருவித் தலையை டாக்டர் முன்னால் நீட்டினார். "கற்பூரத் தண்ணியோ, கங்காதீர்த்தமோ, எனக்கும் மொளச்சிருக்குதுங்க. உச்சியில பாருங்க. பூனைமுடி!"

டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். இடுக்கியால் ஒரு இழையை மெல்லத் தூக்கினார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது பஞ்சுங்க," என்றார்.

கமலாத்தாளின் வகிட்டில் முளைத்தது மருந்தாலா, தானாகவா என்று தம்மால் சொல்ல முடியாது என்றும் டாக்டர் நேர்மையாகச் சொன்னார். சென்னிமலைக்கு அது ஆறுதலாக இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பொள்ளாச்சி வரைக்கும் துண்டைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். பொள்ளாச்சி தாண்டியதும் கமலாத்தாள் அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள். ஜன்னல் காற்று நன்றாக வந்தது.

"குடிய விட்டுப்போட்டீங்கன்னு நான் ஊர்ல சொல்லிக்கறனுங்க," என்றாள். "நீங்க கவலைப்படாதீங்க."

சொன்னாள். அதுதான் பிசகாகிவிட்டது. சித்திரையில் கொல்லங்கோட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் மதுவிலக்குக் கூட்டம் போட்டார்கள். மகளிர் சங்கத்துக்காரிகள் கமலாத்தாளை மேடைக்கு அழைத்து, மூடி மூடியாக அளந்து கொடுத்தே புருஷனின் குடியை ஒழித்த உத்தமி என்று மாலை போட்டார்கள். அவள் அடர்ந்த பின்னலில் அந்த மாலை எடுப்பாக இருந்தது. முன்வரிசையில் ஈஸ்வரமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைக்கைச் சென்னிமலையிடம் நீட்டி, மற்றவர்களுக்கும் ஒரு பாடமாக இருக்கட்டும், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள்.

பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கள்ளைக்கூட நாக்கில் வைத்தறியாத சென்னிமலை, எழுந்து நின்று மைக்கைப் பிடித்து, தாம் குடியை விட்ட விதத்தைக் கால் மணி நேரம் பேசினார்.